பாதியில் நின்ற முருங்கைக் கட்டுரை

போன மாதம் ரமணி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்தவள் அவள்.

"அக்கா, ஆபீஸ்ல புதுசா ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்காங்க. பழைய கட்டுரைய அதுவே தேடி எடுத்து, அதுவே ஃபேஸ்புக்லயும் வாட்ஸப்லயும் போட்டுருது. இனிமே யாரும் உக்காந்து தேட வேண்டியதில்ல" என்றாள்.

குரலில் நிம்மதி இருந்தது. கொஞ்சம் தயக்கமும் இருந்தது. பிறகு, "நீங்க இந்த வேலைய எப்படிச் செஞ்சீங்கன்னு ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்களேன். இங்க யாருக்கும் முழுசாத் தெரியல" என்று கேட்டாள்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் மனம் நேராக ஒரு முருங்கைக் கட்டுரையில் போய் நிற்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் வேலை எப்படி வந்தது, எப்படி நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் ஜெசிந்தா. திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் பத்து வருடத்துக்கும் மேல் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ் என்று டைப் செய்துகொண்டிருந்தேன். வேகமாக அடிப்பேன், ஒற்றுப்பிழை விடமாட்டேன். அந்தத் தகுதியை வைத்துத்தான் விவசாயிகளுக்காக ஒரு சிறிய அறக்கட்டளை நடத்திய வலைப்பூவில் வேலைக்குச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே அலுவலகம். வேளாண் அலுவலர்களும் அனுபவமுள்ள விவசாயிகளும் கையால் எழுதிக் கொடுப்பதை டைப் செய்து, படம் சேர்த்து இணையத்தில் ஏற்ற வேண்டும். ஆரம்பத்தில் அவ்வளவுதான் என் வேலை.

ஐந்தாறு வருடத்தில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. புதிதாக ஒன்றை ஏற்றினால் முந்தையது ஒரு படி கீழே போகும். பத்து ஏற்றினால் பத்துப் படி. கீழே போனதை யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை. அறக்கட்டளைக்கு வந்துகொண்டிருந்த உதவி குறைந்து, எழுதித் தருகிறவர்களும் குறைந்தபோதுதான் எங்கள் ஆசிரியர் மெஹருன்னிசா மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"புதுசா எழுத ஆள் இல்ல ஜெசிந்தா. இருக்கறத வச்சுத்தான் இனிமே ஓட்டணும். இத்தனை கட்டுரை கெடக்கே, இதுல எது இன்னைக்கு எவனுக்குத் தேவைன்னு பாரு. பாத்து, அவன் கைக்குக் கொண்டுபோய்க் குடு."

மேடம் பேகம்பூர்க்காரர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவர். கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டார். எந்தக் கட்டுரையாக இருந்தாலும் காகிதத்தில் அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு, சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தமாகப் படிப்பார். மூச்சு வாங்காமல் படிக்க முடியாத வாக்கியத்தை அங்கேயே இரண்டாக வெட்டுவார். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. கண்டிக்க வேண்டுமென்றால் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து நம் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வார். குரல் இன்னும் தணிந்துவிடும். அந்த நாற்காலி நகரும் சத்தம் கேட்டாலே டைப் அடிப்பதை நிறுத்திவிடுவேன்.

முதலில் கைக்கு வந்தது ஒரு வெங்காயக் கட்டுரை. சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு, அதாவது தரையில் படாமல் மூங்கில் தட்டி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, மாதக்கணக்கில் கெடாமல் வைத்துக்கொள்வது எப்படி என்று ஒருவர் அருமையாக எழுதியிருந்தார். "சின்ன வெங்காயச் சேமிப்பு முறைகள்" என்பது தலைப்பு. எவரிடமும் வெங்காயம் இல்லாத ஒரு மாதத்தில் அதை ஏற்றியிருக்கிறோம். விரல் விட்டு எண்ணக்கூடிய பேர்தான் படித்திருந்தார்கள்.

ஒரு வருடம் அறுவடை நேரத்தில் விலை சரிந்தது. மார்க்கெட்டுக்குக் கொண்டுபோன மூட்டையைத் திருப்பிக் கொண்டுவர மனமில்லாமல் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறார்கள் என்று எங்கள் தெருவில் வெங்காயம் விற்க வந்த ஒருவர் சொன்னார். மறுநாள் அந்தக் கட்டுரையை எடுத்தேன். உள்ளே ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. தலைப்பை மட்டும் "விலை ஏறும் வரை வெங்காயத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்: பட்டறை போடும் முறை" என்று வைத்தேன். பட்டறையின் படத்தை மேலே கொண்டுவந்தேன். வாட்ஸப்புக்கு மூன்றே வரி எழுதினேன். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக நானே வாசித்து ஒரு குரல்பதிவும் சேர்த்தேன். காலை ஆறு மணிக்கு விவசாயிகள் குழுக்களுக்கு அனுப்பினேன்.

பத்து மணிக்குள் அலுவலக போன் அடிக்க ஆரம்பித்தது. தட்டிக்கு மூங்கில் கிடைக்காவிட்டால் பனைமட்டை போடலாமா, மழை சாரல் அடித்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எழுதினவருக்கே போன் போட்டுக் கேட்டுப் பதில் சொன்னேன். அன்று சாயங்காலம் மேடம், "கட்டுரை அப்படியேதான் இருந்துச்சு. நாமதான் நாள் தப்பிப் போட்டிருக்கோம்" என்றார்.

அன்றிலிருந்து மாதம் வாரியாக ஒரு நோட்டுப் போட்டேன். எந்த மாதம் எந்தப் பயிர், எந்தப் பூச்சி, எதற்கு விலை விழும் என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே பழைய கட்டுரையின் பெயரை எழுதி வைத்தேன். வேலை பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அந்தத் தெம்பில் அடுத்த மாதமே ஒரு தப்புச் செய்தேன். சொட்டுநீர்ப் பாசன மானியம் பற்றிய பழைய கட்டுரை ஒன்றை அனுப்பினேன். அதன் கடைசியில், "வரும் வெள்ளிக்கிழமை நம் அலுவலகத்தில் முகாம்" என்று ஒரு வரி இருந்திருக்கிறது. நான் முதல் பாதியைத்தான் படித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் செம்பட்டிப் பக்கத்திலிருந்து வயதான கணவனும் மனைவியும் மாடியேறி வந்தார்கள். மஞ்சப்பையில் சிட்டா, ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார்கள். மேடம் அவர்களை உட்காரவைத்து, டீ வரவழைத்து, என்னைக் கூப்பிட்டார்.

"நீயே சொல்லு" என்றார்.

சொன்னேன். அந்த ஐயா, "அப்ப இந்த வெள்ளிக்கிழமை இல்லையா தாயி?" என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா. அது மூணு வருசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை."

அவர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "களையெடுக்க ஆள் விட்டுட்டு, கூட நிக்காம வந்தோம்" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் படி இறங்கியதும் நாற்காலி நகர்ந்தது. மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, வரும் வெள்ளிக்கிழமைன்னு அன்னைக்கு எழுதுனப்ப அது உண்மைதான். இன்னைக்கு நீ அனுப்புனியே, இன்னைக்கு அது பொய். எழுதுனவனக் கேக்க மாட்டாக. அனுப்புனவளத்தான் கேப்பாக."

அதற்குப் பிறகு ஒரு நடைமுறை வந்தது. பழைய கட்டுரை எதுவானாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படிக்க வேண்டும். நாள், விலை, மருந்தின் பெயர், அரசாங்கத் திட்டம் என்று மாறக்கூடியது எல்லாவற்றையும் சிவப்பில் கோடிட்டு, ஒவ்வொன்றையும் யாரிடமாவது கேட்டுச் சரிபார்க்க வேண்டும். கட்டுரையின் தலையில், முதலில் எழுதியது எந்த மாதம், மறுபடி சரிபார்த்தது எந்த மாதம் என்று இரண்டையும் போட வேண்டும். கடைசியாக மேடம் ஒரு கேள்வி கேட்பார். "இதைப் படிச்சவன் நாளைக்குக் காலைல எந்திரிச்சு என்ன செய்வான்?" அதற்கு நான் பதில் சொல்லாமல் எந்தக் கட்டுரையும் வெளியே போகாது.

இவ்வளவு செய்தும் எங்கள் முறையில் ஓர் ஓட்டை இருந்தது. அது தெரியவந்தது முருங்கைக் கட்டுரையில்தான்.

அது நானே நேரில் போய்க் கேட்டு எழுதிய முதல் கட்டுரை. தொப்பம்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமம். வேலுச்சாமி என்கிற விவசாயி, விதை போடாமல், மரத்தின் கிளையிலேயே வேர் விடவைத்து முருங்கைக் கன்று உண்டாக்குகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கட்டைவிரல் பருமனான கிளையில் ஓர் அங்குலத்துக்குப் பட்டையைச் சுற்றி உரித்துவிட்டு, அந்த இடத்தில் ஈரமான தென்னைநார்த் தூளையும் மக்கிய எருவையும் வைத்து, பாலித்தீன் தாளால் சுற்றி இரண்டு பக்கமும் கட்டிவிடுவார். கொஞ்ச நாளில் தாளுக்குள்ளே வேர் ஓடும். பதியன் போடுவது என்பார்கள். அவர் ஒரு கிளையை வெட்டி எடுத்து, தாளுக்குள்ளே வெள்ளை வெளேரென்று சுற்றியிருந்த வேரைக் காட்டியபோது நான் எடுத்த படம் நன்றாக வந்தது. "வெள்ளை வேர் தெரிந்ததும் வெட்டி நட்டுவிட வேண்டியதுதான்" என்று அவர் சொன்னதாக எழுதினேன். கன்று கேட்பவர்களுக்காக அவருடைய போன் நம்பரையும் போட்டோம்.

எங்கள் வலைப்பூவில் அவ்வளவு பேர் படித்த கட்டுரை வேறு கிடையாது. வருடா வருடம் முருங்கை நடும் பருவத்துக்கு முன்னால் அதை மறுபடி அனுப்புவோம். ஒவ்வொரு தடவையும் முந்தைய தடவையைவிட அதிகம் பேர் பகிர்ந்தார்கள். கீழே மறுமொழிகள் நீண்டுகொண்டே போயின. மாதாந்தரக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் அந்த எண்ணிக்கையைத்தான் முதலில் வாசிப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு, உள்ளுக்குள்ளே சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

ஐந்தாவது முறையாக அதை அனுப்பிய மறுநாள் ஒரு போன் வந்தது. பெண் குரல்.

"ஏனுங்க, அந்த முருங்கைப் பதியன் கட்டுரை போட்டது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. நான்தான் எழுதுனேன்."

"நான் வேலுச்சாமி சம்சாரம் பேசறனுங்க. துளசிமணி. அதை இன்னொருக்காப் போடாதீங்க. அவரு போயி ரெண்டு வருசமாச்சுங்க."

அவர் கோபமாகப் பேசவில்லை. நீங்கள் அதைப் போடும்போதெல்லாம் அவருடைய போன் அடிக்கிறது, பாதிப் பேர் கன்று கேட்கிறார்கள், பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள் என்று சொன்னார். சண்டை எதற்கு என்று நான் கேட்பதற்குள், "மாடு அவுத்துக்குச்சுங்க, வெச்சறேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த இரண்டு வருடத்தில் இரண்டு முறை அனுப்பியிருக்கிறேன். எழுத்து எழுத்தாகச் சத்தமாகப் படித்துத்தான் அனுப்பினேன். அதில் மாறக்கூடிய நாளும் இல்லை, விலையும் இல்லை, மருந்தும் இல்லை. அதனால் யாரிடமும் கேட்கவில்லை. ஆள் இருக்கிறாரா என்று ஒரு போன் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அவர் சொன்ன சண்டை என்னவென்று தெரிய வேண்டி, அந்தக் கட்டுரையின் மறுமொழிகளை மேலிருந்து கீழே வரை படித்தேன். அதுவரை நான் அவற்றை எண்ணியிருக்கிறேன். படித்ததில்லை. "நன்றி", "அருமை" என்று நிறைய இருந்தது. நடுநடுவே வேறு மாதிரியும் இருந்தது. "நட்டது எல்லாம் காய்ந்துவிட்டது." "எனக்கு நூற்றில் எட்டுத்தான் பிழைத்தது." "நம்பி வெட்டினேன், மரமும் போச்சு கன்றும் போச்சு." ஒவ்வொன்றுக்கும் கீழே எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பதில். "கருத்துக்கு நன்றி. தொடர்ந்து படியுங்கள்." கூடவே ஒரு கைகூப்பும் பொம்மை. போட்டது நான்தான். ஒரே பதிலை எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அச்செடுத்துக் கொண்டுபோய் மேடத்திடம் கொடுத்தேன். அவர் ஜன்னல் ஓரம் நின்று முழுவதையும் படித்தார். வழக்கத்துக்கு மாறாகச் சத்தமில்லாமல் படித்தார். நாற்காலி நகரும் என்று காத்திருந்தேன். நகரவில்லை. "நாளைக்குப் போவோம். பஸ் எத்தனை மணிக்குன்னு பாரு" என்றார்.

ஒட்டன்சத்திரத்தில் இறங்கி வேறு பஸ் ஏறினோம். வழியெல்லாம் மேடம் அந்தக் கட்டுரையை மடியில் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார்.

துளசிமணி எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கயிற்றுக் கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டார். என் வயதுதான் இருக்கும். ஜன்னல் கட்டையில் பழைய போன் ஒன்று சார்ஜில் கிடந்தது. நாங்கள் பேச ஆரம்பிப்பதற்குள்ளேயே அது அடித்தது. எடுத்து, "அவரு இல்லீங்க. ஆமாங்க. இல்லீங்க, நான்தானுங்க அவரு ஊட்டுக்காரி" என்றார். எதிரே என்ன சொன்னார்களோ, "ஆம்பளைங்க யாருமில்லீங்க" என்று சொல்லி வைத்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேடம்தான் கேட்டார். "நட்டதெல்லாம் காஞ்சு போச்சுன்னு எழுதியிருக்காகளே, ஏன்மா?"

"காயாம என்னங்க பண்ணும்? வெள்ளை வேரு வந்ததும் வெட்டி நடுன்னு போட்டிருக்குதுங்க. வெள்ளை வேரு எளசுங்க, வெட்டி நட்டா தாங்காதுங்க. அது பழுப்பாகோணும்."

"அப்படின்னு அவர் சொல்லலையே" என்றேன் நான்.

"அவருக்குத் தெரியாதுங்க" என்றார் துளசிமணி. "பட்டையை உரிக்கறதும் கட்டறதும் அவரு. மரமேறோணுமில்லீங்களா. எந்தக் கிளை, எப்ப வெட்டோணும்னு நான் கீழ நின்னு சொல்லுவேன். வெட்டிப் போட்டாருன்னா அவரு வேலை முடிஞ்சுதுங்க. அன்னைக்கு நீங்க வந்தப்ப, படம் எடுக்கோணும்னு வெள்ளை வேரோடவே ஒண்ண வெட்டிக் காட்டுனாரு. அது அப்பவே வீணாப் போச்சுங்க."

வீட்டின் பின்புறம் கூட்டிக்கொண்டு போனார். தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே வரிசையாகப் பைகளில் கன்றுகள் இருந்தன. வெட்டின கிளையை நேராக நிலத்தில் நட மாட்டாராம். தாளைப் பிரித்து, பையில் மண்ணும் எருவும் போட்டு வைத்து, நிழலில் ஒரு மாதம் போல வைத்திருந்து, புதுத் துளிர் இரண்டு சுற்று விட்ட பிறகுதான் வெயிலுக்குக் கொண்டுவருவாராம். அதிலும் முதலில் காலை வெயில் மட்டும். வேலுச்சாமி விற்ற கன்று எல்லாம் பிழைத்ததற்கு அந்தப் பந்தல்தான் காரணம். என் கட்டுரையில் அந்தப் பந்தல் ஒரு வரியில்கூட இல்லை.

"அன்னைக்கே நான் சொல்ல வந்தனுங்க" என்றார் அவர், ஒரு பையைச் சரிசெய்துகொண்டே. "காப்பி கொண்டாந்து குடுத்துட்டு நின்னேன். நீங்க மும்முரமா எழுதிட்டிருந்தீங்க."

எனக்கு நினைவிருந்தது. டம்ளரை வாங்கினேன். நன்றி சொன்னேன். திரும்பி வேலுச்சாமியிடம் அடுத்த கேள்வியைக் கேட்டேன். ஒரு பெண் நிற்கிறாள் என்று பார்த்தேன், அவளிடம் கேட்க ஏதாவது இருக்கும் என்று நினைக்கவில்லை. நானும் ஒரு பெண்தான். நானும் வேலை பார்க்கிறவள்தான்.

மேடம் பந்தலுக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். "எனக்கு முருங்கைன்னா கொழம்புலதான் தெரியும்மா. மொதல்ல இருந்து சொல்லுங்க. ஜெசிந்தா, எழுது" என்றார்.

ஒன்றரை மணி நேரம் எழுதினேன். எல்லாம் முடிந்து, கட்டுரையைத் திருத்திப் போடுகிறோம் என்று சொன்னபோதுதான் துளசிமணியின் முகம் மாறியது.

"அவரு தப்பாச் சொன்னாருன்னு போடுவீங்களா?"

நான் நோட்டை மூடினேன்.

"அவரு ஒடம்பு முடியாமப் படுத்திருக்கறப்ப வேடசந்தூர்ப் பக்கம் இருந்து ஒருத்தரு போன்ல வாய்க்கு வந்தபடி பேசுனாருங்க. முந்நூறு கம்பு வெட்டி நட்டாராம். ஒண்ணுகூட வல்லையாம். இவரு அதைக் கேட்டுட்டுச் சாப்படவே இல்லீங்க. நான் சரியாத்தான சொன்னேன், சரியாத்தான சொன்னேன்னு என்னையே கேட்டுட்டிருந்தாரு. சரியாத்தான் சொன்னீங்கன்னு சொல்லீட்டனுங்க. வேற என்னத்தைச் சொல்றது. இப்ப நீங்க அவரு பேரப் போட்டுத் தப்புன்னு எழுதுனா..."

முடிக்காமல் விட்டுவிட்டார். அதற்காகத்தான் அவர் இத்தனை நாள் போன் செய்யாமல் இருந்திருக்கிறார். செய்தபோதும், திருத்தச் சொல்லாமல், இனி போடாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது நான் மேடத்திடம் கட்டுரையை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "எடுத்துட்டா படிச்சவன் மனசுல இருக்கறது போயிருமா? தாள் கட்டி வச்சுக்கிட்டு, எப்ப வெட்டுறதுன்னு காத்துக்கிட்டு இருக்கவன் இந்நேரம் எம்புட்டுப் பேரோ."

மறுநாள் செயலாளர் வந்தார். நல்ல மனிதர்தான். துளசிமணி சொன்னதை வைத்துப் புதிதாக ஒரு கட்டுரை போட்டுவிட்டு, பழையதை அப்படியே விட்டுவிடலாம் என்றார். இத்தனை பேர் படித்த கட்டுரையின் தலையில் தவறு என்று எழுதினால் மற்ற கட்டுரைகளையும் சந்தேகப்படுவார்கள் என்பது அவருடைய கவலை. மேடம் என்னைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியது நான்.

"சார், ஊர்ல சுத்திக்கிட்டு இருக்கது பழைய கட்டுரையோட முகவரி. அதைச் சேமிச்சு வச்சிருக்காங்க, ஒருத்தருக்கொருத்தர் அனுப்பியிருக்காங்க. புதுசு வேற எடத்துல இருந்தா அவங்களுக்குப் போய்ச் சேராது. பழைய முகவரியத் தட்டுனா திருத்தம்தான் முதல்ல தெரியணும்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, சரி என்றார்.

திருத்தத்தை எழுதுவதற்கு எனக்கு மூன்று நாள் ஆனது. பத்து வரிதான். முதலில், "இக்கட்டுரையில் சில விவரங்கள் விடுபட்டமைக்கு வருந்துகிறோம்" என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"வருந்துகிறோம்னா யாரு? நானா, செயலாளரா, கீழ மருந்துக்கடைக்காரரா?"

"நான்தான் மேடம்."

"அப்ப அப்படி எழுது. விடுபட்டமைக்குன்னா? அதுவா விடுபட்டுச்சா?"

மறுபடி எழுதினேன். மறுபடி வெட்டினார். நான்காவது தடவை எழுதியதை அவர் சத்தமாகப் படித்தார். ஓரிடத்திலும் மூச்சு வாங்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "போடறதுக்கு முன்னாடி அந்தம்மாவுக்குப் படிச்சுக் காட்டு" என்றார்.

போன் போட்டேன். துளசிமணி எடுத்தார். நான் படித்தேன்.

"இந்தக் கட்டுரை பாதியில் நின்றிருந்தது. வேலுச்சாமி தன் கையால் செய்த வேலையைச் சொன்னார். அதற்குப் பிறகு நடக்கும் வேலையைச் செய்பவர் அவருடைய மனைவி துளசிமணி. அவர் பக்கத்தில் நின்றும் அவரிடம் நான் கேட்கவில்லை. அது என் தவறு. அதனால் கன்றுகளை இழந்தவர்கள் என்னிடம் பேசுங்கள். மீதி வேலையைத் துளசிமணி கீழே சொல்கிறார்."

அதற்குக் கீழே என் பெயரும் என் நம்பரும் இருந்தன.

என் நம்பர் வரைக்கும் படித்து முடித்தேன்.

"அவரு சொன்னது வர்ற எடத்தை மட்டும் இன்னொருக்காப் படிங்க" என்றார்.

படித்தேன்.

"சரிங்க. போடுங்க."

முன்பு எந்தெந்தக் குழுவுக்கு அனுப்பினோமோ, அதே குழுக்களுக்கு, அதே காலை ஆறு மணிக்குத் திருத்தத்தை அனுப்பினேன். மறுமொழி போட்டிருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன். ஒட்டவில்லை, டைப் செய்தேன். நம்பர் கொடுத்திருந்தவர்களுக்கு போன் போட்டேன். இரண்டு வாரம் அதே வேலைதான். சிலர் திட்டினார்கள். சிலருக்குக் கட்டுரையே மறந்துபோயிருந்தது. தாள் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்த பதினோரு பேர், நல்ல நேரத்தில் சொன்னீர்கள் என்றார்கள். அந்தப் பதினோரு பேரை நான் எந்தக் கூட்டத்திலும் எண்ணிக்கையாகச் சொல்லவில்லை.

வேடசந்தூர்க்காரரின் நம்பரைத் துளசிமணியிடம் வாங்கினேன். போன் போட்டதும் அந்த மனிதர் நான் சொன்னதை முழுதும் கேட்டார். "இப்பச் சொல்லி என்னம்மா ஆகப்போகுது?" என்றார். ஆனால் வைக்கவில்லை. பிறகு, "அந்த மனுசன் நெசமாவே செத்துப் போயிட்டாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நான் பேசுனப்ப நல்லா இருந்தாருல்ல?" என்றார். அப்போதே படுக்கையில்தான் இருந்தார் என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் முறையில் இன்னொரு வரி சேர்ந்தது. கட்டுரையில் ஓர் ஆளின் பெயர் இருந்தால், ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்கு முன்னால் அவருக்கு போன் போட்டு, இப்போது அனுப்பலாமா என்று கேட்க வேண்டும். அந்த வேலையை வேறு யார் சேர்ந்து செய்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ரமணி, உங்கள் சாஃப்ட்வேர் எத்தனை கட்டுரையை எடுத்தாலும் எடுக்கட்டும். இந்த போனை மட்டும் நீ போட்டுவிடு.

வேலுச்சாமியின் நம்பரைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடட்டுமா என்று துளசிமணியிடம் கேட்டிருந்தேன். இருக்கட்டும் என்றார். அதற்கு எதிரே பெயரை மட்டும் துளசிமணி என்று மாற்றிப் போட்டோம். திருத்தம் வெளியாகி ஒன்றரை மாதம் இருக்கும், ஒரு நாள் மதியம் அவரே கூப்பிட்டார்.

"ஏனுங்க, அந்த வேடசந்தூர்க்காரரு வந்திருந்தாருங்க. பஸ் புடிச்சு, ஊரு பேரக் கேட்டுக் கேட்டு வந்திருக்காரு."

எனக்குப் பயமாகிவிட்டது. "சண்டை போட்டாரா?"

"இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு படத்துக்கு முன்னால செத்த நேரம் நின்னாரு. அப்புறம் பொறவால வந்து பந்தலப் பாத்துட்டு, ஐம்பது கன்னு வேணும், இப்பவே எடுத்துட்டுப் போறேன்னாரு."

"குடுத்தீங்களா?"

"குடுக்கலீங்க" என்றார் துளசிமணி. "தண்ணி குடுத்து, உக்காரவெச்சு, பக்குவமாச் சொல்லி அனுப்பீட்டேன். இன்னும் ஒரு சுத்துத் துளிரு விடோணுமுங்க. பதினஞ்சு நாள் கழிச்சு வரச் சொல்லியிருக்கறேன்."